எட்டு நாற்பது பஸ்ஸுக்கு ஒரு ஷோகேஸ்

கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழரைக்கே வந்து எதிர் நடைபாதையில் நின்றுகொண்டு, கடையின் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் ஷோகேஸ் அக்கா. கண்ணாடிக்கு உள்ளே மூன்று பொம்மைகள், மூன்றுக்கும் புதுச்சட்டை, தலைக்கு மேலே பதினான்கு விளக்குகள். அத்தனையும் அவள் கையால் வைத்தவை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது? அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வங்கியின் வெள்ளைச் சுவர் தெரிகிறது. சுவருக்கு நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும் ஐம்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தெரிகிறாள். அது அவளேதான்.

"வங்கிக்காரனுக்கு விளம்பரம் பண்ணத்தான் நான் சம்பளம் வாங்கறேன்போல" என்று முணுமுணுத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். கடைக்குள் ஏணிமேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் எடுத்தார்.

"அண்ணே, நடு விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்ங்க."

"சாச்சாச்சு. இதுக்கு மேல சாச்சா அது என் தலைமேலதான் விழும்."

"இங்க ஒண்ணுமே தெரியலையே!"

"சூரியனோட மல்லுக்கு நின்னா எப்படிக்கா தெரியும்? அதோட ஸ்விட்ச் என் கையிலயா இருக்கு?"

அவர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் கடை முழுக்க ஷோகேஸ் அக்கா என்கிறதே என்று அவரும் அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதில் யார் மூத்தவர் என்று புரியாமல் ஒரு வாரம் முழிப்பார்கள்.

எலக்ட்ரீஷியன் சொன்னதில் தப்பில்லை. கடை மேற்குப் பார்த்தது. காலையில் கடை நிழலில் கிடக்கும், எதிரே வங்கிச் சுவரில் வெயில் பளீரென்று அடிக்கும். அந்த நேரத்தில் ஷோகேஸ் கண்ணாடி வெறும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், யாரும் கவலைப்படுவதும் இல்லை. பத்து மணிக்கு முன்னால் யார் சட்டை வாங்க வரப்போகிறார்கள்? விளக்குகளே பத்து மணிக்குத் தானாக எரியும்படிதான் வைத்திருந்தது. அதை ஆறு மாதமாக எட்டு மணிக்கே எரிய வைத்தது இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த திருட்டு வேலை. மேனேஜருக்குத் தெரியாது.

இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். எட்டு நாற்பதுக்கு அந்தத் தெரு வழியாகப் பதினேழாம் நம்பர் பஸ் போகிறது. அதில் அவள் மகள் போகிறாள்.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். ஏழு மாதத்துக்கு முன்னால் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்குக் காரணம் பதினோரு குண்டூசி.

பொம்மைக்குச் சட்டை போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டையும் பொம்மைக்குச் சரியாக இருக்காது. தொளதொளவென்று தொங்குவதை முதுகுப் பக்கம் இழுத்து மடித்து, வரிசையாகக் குண்டூசி குத்திவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? இருபத்தாறு வருஷமாக அவளுடைய மணிக்கட்டில் ஊசி குத்திவைக்கும் சின்ன மெத்தை ஒன்று கடிகாரம் மாதிரி கட்டியிருக்கும். சோறு சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மறந்துவிடுவாள். மகள் முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று, தோழியிடம் இரவல் வாங்கிய கோட்டு தோளில் தொங்கியது. "இரு இரு, ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கண்ணாடி முன் நிறுத்தி, "எப்படி இருக்கு பாத்தியா! ரெண்டு பின் போட்டிருக்கேன், தெரியவே தெரியாது" என்றாள். மகளும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

அங்கே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கேள்விக்குப் பதிலைப் பலகையில் வரைந்து காட்டச் சொன்னார்கள். அவள் திரும்பினாள். முதுகில் பதினோரு குண்டூசி, கழுத்திலிருந்து இடுப்புவரை மீன் முள் மாதிரி. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் வந்து நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "உனக்கு நான் யாரும்மா? கடையில நிக்கிற பொம்மையா? முன்பக்கம் அழகா இருந்தா போதும், இல்ல? பின்னாடி என்ன குத்துதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?"

நியாயமாக, தப்புதான் பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். தொண்டைவரைக்கும் வந்தது. பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? "உன்னை யாரு திரும்பச் சொன்னது?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். பத்து நாளில் மகள் வேறோர் இடத்தில் வேலை தேடிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு சொன்னது இதுதான்: "என் முன்னாடி வந்து நிக்காதே. நானா வர்ற வரைக்கும் வராதே." அப்பாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். கீழே வந்து, "நல்லா இருக்காளாம்" என்பார். அரை மணி நேரப் பேச்சில் இவளுக்கு இரண்டு வார்த்தை. வயிறு எரியாதா? அவர் ஒருமுறை வாய் தவறிச் சொன்னதுதான் அந்தப் பதினேழாம் நம்பரும் எட்டு நாற்பதும். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முன்னால் வந்து நிற்காதே என்றுதானே சொன்னாள், கண்ணாடிக்குள் எதையும் வைக்காதே என்று சொல்லவில்லையே! மறுநாளே பாப்பா சின்ன வயதில் கட்டிப்பிடித்துத் தூங்கிய ஒற்றைக்காது முயலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பொம்மையின் கையில் அதைக் கொடுத்தாள். அடுத்த வாரம் பாப்பாவின் மஞ்சள் குடை. அதற்கடுத்த வாரம் மூடி உடைந்த பள்ளிக்கூடப் பென்சில் டப்பா. வாரம் ஒரு சாமான் மாறும், முயல் மட்டும் பொம்மைக்குப் பொம்மை கை மாறிக்கொண்டே இருக்கும்.

மேனேஜர் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டே ஒருநாள் கேட்டார். "மேடம், ஆஃபீஸ் சட்டைக்கும் இந்த ஒத்தைக்காது முயலுக்கும் என்ன சம்பந்தம்?"

"பாக்கறவங்க நின்னு யோசிப்பாங்க சார்."

"யோசிச்சுக்கிட்டே இருந்தா எப்ப வாங்குவாங்க?"

பொம்மைகளுக்குப் பின்னால் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு தட்டி உண்டு. அதன்பின் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தினமும் எட்டு மணியிலிருந்து அதில் உட்கார்ந்துவிடுவாள். தட்டியின் இடுக்கு வழியாக ரோட்டைப் பார்ப்பாள். கடைக்கு நேராக ஒரு சிக்னல். பஸ் எப்படியும் அரை நிமிஷம் நிற்கும். ஆனால் தலைக்கு மேல் பதினான்கு விளக்கு கொட்டும்போது உள்ளே இருப்பவளுக்கு என்ன தெரியும்? கண்ணாடியில் தன் விளக்குகளே மினுங்கும். அதற்கு அப்பால் பஸ் ஓர் இருட்டுச் சுவர் மாதிரி வந்து நிற்கும், போய்விடும். பார்த்தாளா, பார்க்கவில்லையா? இந்த ஒரு கேள்வி நாள் பூரா மண்டையைக் குடையும். பஸ் போனதும் எதிர் நடைபாதைக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்ப்பாள். வங்கிச் சுவர். வந்து எலக்ட்ரீஷியன் உயிரை எடுப்பாள். ஆறு விளக்கு எட்டாயிற்று, எட்டு பத்தாயிற்று, இப்போது பதினான்கு. ஞாயிற்றுக்கிழமை போனில் முயலைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று மாடிப்படிக்குக் கீழேயே துடைப்பத்தோடு சுற்றுவாள். வராது.

போன ஞாயிறு மட்டும் ஒன்று நடந்தது. கணவர் இறங்கி வந்து, "உனக்கு முதுகு வலியான்னு கேட்டா" என்றார்.

"யாரு?"

"பாப்பாதான்."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? உனக்கு முதுகு வலிங்கறதே எனக்கு இப்பதானே தெரியும்!"

"ரொம்ப நல்லா இருக்கு! கூடவே இருக்கிற மனுஷனுக்குத் தெரியல" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மகள் எப்படிக் கேட்டாள் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கோபம் வந்துவிட்டால் அவளுக்கு யோசனை ஓடாது.

இன்றைக்கு அவள் இப்படித் துடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், நேற்று மேனேஜர் போட்ட குண்டு. நாளையிலிருந்து தள்ளுபடி விற்பனையாம். கண்ணாடி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்போகிறார்களாம். இரண்டு மாதத்துக்கு ஷோகேஸே கிடையாது. "நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுங்க மேடம்" என்று சிரிப்பு வேறு. இன்று எட்டு நாற்பதுதான் கடைசி.

அதனால் நேற்றே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிட்டாள். முயல், குடை, பென்சில் டப்பா, ஒன்று விடாமல். நடுப் பொம்மைக்கு ஒரு கோட்டுப் போட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகப் பின்னால் ஊசி குத்தாமல் விட்டிருந்தாள். அது தோளில் தொங்கு தொங்கென்று தொங்கியது. தொழில் தெரிந்த எவரும் காறித் துப்புவார்கள். தப்பு என்னுது என்று அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதையும் வங்கிச் சுவர் வந்து மறைத்தால் எப்படி?

ரோட்டைக் கடந்து கடைக்குள் வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். குடையை இந்தப் பக்கம் திருப்பினாள், மறுபடி அந்தப் பக்கமே திருப்பினாள்.

"அக்கா, கொஞ்சம் ஒரு இடத்துல இருங்க, உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. "ஆறு மாசமா நடைபாதையில நின்னு பாக்கறீங்க. உங்க பொண்ணு நடந்தா போகுது? பஸ்லதானே போகுது. ஒருநாளாவது பஸ்ல ஏறிப் பாத்தீங்களா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு ஷோகேஸையும் பஸ்ஸிலிருந்து பார்த்ததில்லை. அது தொழில் வழக்கம். வாங்குகிறவன் நடந்து வருகிறவன். அவன் நிற்கிற இடத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். பஸ்ஸில் போகிறவன் இறங்கி வந்தா சட்டை வாங்கப்போகிறான்? எட்டு நாற்பது பஸ்ஸில் அவள் ஏறமுடியாது, அது மகளின் முன்னால் போய் நிற்பதாகிவிடும். ஆனால் எட்டேகால் பஸ் ஒன்று இருக்கிறதே! செருப்பை மாட்டியும் மாட்டாமலும் முந்தின நிறுத்தத்துக்கு ஓடினாள்.

இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் பஸ் நின்றது. அவள் தலையைத் திருப்பினாள்.

அடக் கடவுளே!

வங்கிச் சுவரைக் காணோம். வெயிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பஸ்ஸே மதில் மாதிரி நின்று மறைத்துக்கொண்டது. கண்ணாடி இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. முயலின் ஒற்றைக்காது தெரிந்தது. டப்பாவில் பாப்பா ஆணியால் கீறி எழுதிய எழுத்துக்கூடத் தெரிந்தது. ஊசி குத்தாத கோட்டு தெரிந்தது. பஸ் நிற்கிற அந்த அரை நிமிஷம் மட்டும்தான் இப்படி. அந்த அரை நிமிஷமும் எதிர் நடைபாதையில் நிற்கிறவளுக்குப் பஸ்தான் தெரியும். நடைபாதையில் நின்று நின்றே ஆறு மாதத்தைத் தொலைத்திருக்கிறாள். ஆறு விளக்கே போதும்.

அதோடு முடியவில்லை. பஸ் இருக்கை உயரம். அங்கிருந்து பார்த்தால் தட்டிக்கு மேலாகப் பின்பக்கமும் தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி தெரிந்தது. அதன்மேல் உட்கார்ந்து, அவளுடைய பிளாஸ்கிலிருந்து அவளுடைய டீயைக் குடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தெரிந்தார்.

பக்கத்திலிருந்த நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். "இன்னிக்கு ஆள் மாறிடுச்சு பாத்தீங்களா?"

"எ... என்னது?"

"தினமும் அந்தப் பெட்டிமேல ஒரு அம்மா உக்காந்திருக்கும். விளக்கு நேரா தலைமேல அடிக்கும், தனியா தெரியும். அது பாட்டுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு ரோட்டைப் பாக்கும், கண்ணைத் துடைச்சுக்கும், இடுப்பைப் பிடிச்சுக்கும். பாவம், முதுகு வலிபோல. இந்த ரூட்ல போற எல்லாருக்கும் தெரியும்."

ஷோகேஸ் அக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கூச்சத்தில் பஸ்ஸின் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. உனக்கு முதுகு வலியான்னு கேட்டா. பாப்பா கேட்டிருக்கிறாள்! அப்படியானால் பார்த்திருக்கிறாள். முயலை மட்டுமா, தட்டிக்குப் பின்னால் இருப்பதையும் பார்த்திருக்கிறாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஆறு மாதம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "ஏங்க, உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று நர்ஸ் கையைப் பிடித்தாள். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று அடுத்த நிறுத்தத்தில் விழுந்தடித்து இறங்கினாள்.

கடைக்கு ஓடி வரும்போது மூச்சு வாங்கியது. ஓட ஓட ஒரே நினைப்பு: அவ என்னை ஆறு மாசமா பாத்துக்கிட்டிருக்கா, நான்தான் அவளைப் பாக்கல. எப்படி இருக்கிறாளோ, இளைத்துவிட்டாளோ. நாளைக்கு ஸ்டிக்கர் வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும், "அண்ணே, எல்லா லைட்டையும் அணைங்க" என்றாள்.

"என்னது?"

"அணைங்க அண்ணே! உள்ள இருட்டா இருந்தாத்தான் இங்கிருந்து வெளிய பாக்க முடியும்."

"ஆறு மாசமா ஏத்து ஏத்துன்னு உயிரை எடுத்தீங்க. இப்ப அணைக்கணுமா? உங்களோட வேலை செய்யறதுக்கு நான் சன்னியாசமே போயிருக்கலாம்" என்று புலம்பிக்கொண்டே போய் அணைத்தார். மணி எட்டு முப்பத்தெட்டு. அவள் பெட்டிமேல் உட்காரவில்லை. தட்டியைத் தாண்டி முன்னால் வந்து, பொம்மைகளுக்கு நடுவே, கோட்டுப் போட்ட பொம்மைக்குப் பக்கத்தில், கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டாள். மூச்சுக்கூட விடவில்லை.

பஸ் வந்தது. நின்றது. இருட்டுச் சுவர் இல்லை இப்போது. ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது ஜன்னலில் பாப்பா. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கி உள்ளே போயிருந்தது. என் கண்ணே என்று உள்ளுக்குள் கதறினாள் அம்மா.

மகள் இவளைப் பார்க்கவில்லை. இருட்டில் நாலு உருவம் நின்றால் நாலும் பொம்மைதான். அவள் கண் நேராக மேலே, தட்டிக்கு அந்தப் பக்கம் போயிற்று. தேடிற்று. விளக்கு இல்லை. பெட்டிமேல் ஆள் இல்லை. பாப்பாவின் முகம் மாறியது. இருக்கையிலிருந்து பாதி எழுந்தாள். பச்சை விழுந்தது. பஸ் நகர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"பாத்தேன். ஐயையோ, அண்ணே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! தினமும் இருக்கிறவ இன்னிக்கு இல்லேன்னா குழந்தை என்னன்னு நினைக்கும்?"

கால் ஓடவில்லை, கை ஓடவில்லை. அதே இடத்தில் நின்றிருந்தாள். நாலு நிமிஷம் இருக்குமா, ஐந்து இருக்குமா, நடைபாதையில் தடதடவென்று செருப்புச் சத்தம். கண்ணாடிக்கு வெளியே பாப்பா. ஓடி வந்ததில் நெஞ்சு ஏறி இறங்கியது. வெளியே நிற்கிறவளுக்கு இப்போது வங்கிச் சுவர்தானே தெரியும். இரண்டு கையையும் கண்ணுக்கு இருபக்கமும் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி உள்ளே பார்த்தாள். பின்னால் பெட்டியைத்தான் பார்த்தாள். ஒரு சாண் தூரத்தில் அம்மா நின்றிருந்தாள்.

அம்மா கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தாள்.

பாப்பா வீலென்று கத்திக்கொண்டு இரண்டடி பின்னால் பாய்ந்தாள். எலக்ட்ரீஷியன் போய் ஷட்டரைப் பாதி தூக்கினார். குனிந்து உள்ளே வந்தவள் வந்த வேகத்தில் பொரிந்து தள்ளினாள்.

"ஏன் லைட் எரியல? ஏன் பெட்டிமேல நீ இல்ல? உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு... பொம்மையோட பொம்மையா நின்னு பயமுறுத்தறே! அறிவிருக்காம்மா உனக்கு?"

ஏழு மாதம் கழித்து மகள் பேசிய முதல் பேச்சு. திட்டுத்தான். அம்மாவுக்குத் தேனாக இருந்தது.

"தப்புதான் பாப்பா" என்றாள். அன்றைக்குத் தொண்டையில் சிக்கியது இன்றைக்குத் தானாக வந்தது. "அன்னிக்கும் தப்புதான். உன்னைத் திரும்பச் சொன்னது யாருன்னு கேட்டேனே, அதுவும் தப்புதான்."

பாப்பா தொங்கிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள். பொம்மையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். முதுகை மேலிருந்து கீழ்வரை கையால் தடவிப் பார்த்தாள். ஓர் ஊசி இல்லை.

அம்மாவின் கண்ணோ மடங்கிய காலரிலேயே இருந்தது. கை தன்பாட்டுக்கு மேலே எழுந்தது. பாதியில் சுரீரென்று நினைவு வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பாப்பா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன, காலர் மடங்கியிருக்கா?"

"இல்லம்மா. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதே, உன் மூஞ்சியே சொல்லுது." பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "சரி பண்ணு. ஆஃபீஸுக்கு நேரமாச்சு."

அம்மா மணிக்கட்டிலிருந்த ஊசிமெத்தையைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையால் காலரை எடுத்து வெளியே விட்டாள்.